வெள்ளெழுத்து

நாற்பது வயதைக் கடந்தவர் பலர்க்கு அண்மையிலுள்ள எழுத்து மங்கித் தோன்றும். கண்ணினுள் அமைந்த வில்லை நெகிழ்ச்சி குன்றி இறுகுவதே அதற்குக் காரணம். இக்குறையைத் தமிழர் 'வெள்ளெழுத்து' என வழங்கினர். கண்ணின் குறைக்கு எழுத்தின் பெயரை இட்ட நுட்பம் எண்ணி மகிழத்தக்கது. படிக்க இயலாமையே அதனால் வரும் பெருந்துன்பம் என்று கருதினர் போலும்!

அச்சு நூலில் எழுத்தின் அளவு அச்சகத்திலேயே முடிந்துவிடுகிறது. படிப்பவர் நூலை எட்டப் பிடிக்கலாம். மூக்குக் கண்ணாடி அணியலாம். எழுத்தோ தன் நிலையினின்று இம்மியும் மாறாது. கணிப்பொறித் திரையில் தோன்றும் எழுத்து அத்தகையதன்று.

என் தமையனார் எழுபது வயதை அணுகியவர். பழந்தமிழ் நூல்களில் தோய்ந்தவர். 1998-ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வாயிலாகத் தன்னார்வலர்கள் விலையின்றி வழங்கும் நூல்களைக் கணிப்பொறியில் நாள்தோறும் படித்து வந்தார். ஒருகால் யான் அவர் இல்லம் சென்றபோது பொறியின்மீது துணி போர்த்தியிருந்தது.

"ஏன் அண்ணா, படிப்பை நிறுத்திவிட்டீர்களா?" என்று வினவினேன்.

"புதுக் கண்ணாடியும் போட்டுப் பார்த்தேன், தம்பி. 'கொல்' என்பதும் 'கோல்' என்பதும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. பொருள் கெடப் படிப்பதினும் படியாதிருத்தல் நன்று" என்றார்.

அவர் கூறியது மெய்யே. தமிழில் ஒரு சிறு சுழியும் ஒரு புள்ளியும் பொருளை மாற்றிவிடும். ஓலைச் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்பெறுவதில்லை; குறில் நெடில் வேறுபாடும் பலவிடத்து விளங்காது. படிப்பவர் இடம் நோக்கி உய்த்துணர வேண்டும். கொம்பின் மேற்புறத்தைச் சுழித்து நெடிலைத் தனியே காட்டும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரால் ஏற்பட்டது. அச்சுழி கண்ணுக்குப் புலனாகாவிடில் சுவடிக் காலத்து இடர்ப்பாடு மீண்டும் வந்தெய்துமன்றோ?

துணியை அகற்றிப் பொறியை இயக்கினேன். 'கன்ட்ரோல்' என்னும் விசையை அழுத்தியவாறே கூட்டல் குறியுள்ள விசையைத் தட்டினேன். எழுத்து 110 விழுக்காடாயிற்று, பின்னர் 125, பின்னர் 150. வரிகள் திரைக்கு அப்பால் ஓடாமல் தாமே மடிந்து அமைந்தன. தமையனார் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"அரிச்சுவடி போல இருக்கிறதே! பேத்தி கண்டால் நகைப்பாள்."

"கண்ணாடி அணிந்ததற்கு நகைத்தாளா, அண்ணா?"

அவர் விடை கூறவில்லை. தாமே மற்றொரு முறை தட்டி 175-இல் நிறுத்தினார். அதற்கு மேலும் பெருக்கினால் வரிக்கு நான்கைந்து சொற்களே நின்று, செய்யுளின் ஓட்டம் அறுபடும். ஆதலின் அளவறிந்து நிறுத்துதலும் வேண்டும்.

இம்முறை எங்கும் ஒருபடித்தாகப் பயன்படுவதில்லை. பழைய நூலின் பக்கங்களைப் படமெடுத்து இட்டிருந்தால், பெருக்குந்தோறும் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். பக்கத்தை இடமும் வலமும் இழுத்து இழுத்துக் கை சலிக்கும். நூலை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து வைத்தவர் உழைப்பின் அருமையை அப்போது உணரலாம். மேலும், எழுத்துப் பெருகியும் மங்கலாகவே தோன்றுமாயின் நாட வேண்டியவர் கண் மருத்துவரே. கண்புரை முதலியவற்றை விசை தீர்க்காது.

இப்பொழுது தமையனார் காலையில் இரண்டு நாழிகை படிக்கிறார். மாலையில் பேத்தி அதே பொறியின்முன் அமர்கிறாள். கன்ட்ரோல் விசையோடு சுழியத்தை அழுத்தி, எழுத்தைத் தன் கண்ணுக்கேற்ற பழைய அளவிற்குக் கொணர்கிறாள். அவள் நகைத்ததாக இதுகாறும் அவர் சொல்லக் கேட்டிலேன்.