குழாய் பதிக்க யாரைக் கேட்பது?

கனடாவில் குடியேறிய ராகலை நண்பரொருவர் அண்மையில் தொலைபேசியில் ஓர் அனுபவத்தைக் கூறினார். ரொறன்ரோவிலுள்ள தமது வீட்டின் நிலவறையில் குளியலறையொன்றைத் தாமே அமைக்க எண்ணினாராம். பழுதான டெப் ஒன்றை மாற்றுவதாயின் யாரையும் கேட்க வேண்டியதில்லை. புதிதாகக் கழிவுக்குழாய் பதிப்பதாயின் மாநகரசபையின் கட்டட அனுமதி வேண்டும் என்றார்களாம். "சொந்த வீட்டில் ஒரு பைப் போடவும் அனுமதியா? கடல் கடந்து வந்தும் துரை விடவில்லையே!" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆயினும் இவ்விரு அனுமதிகளும் ஒன்றல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக உடப்புசல்லாவைக்குச் செல்லும் பாதையில் அமைந்தது ராகலை. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் லயத்து மக்களுக்குத் தண்ணீர் என்றால் பீலிதான். குடத்துடன் அங்கு காத்துநின்ற தலைமுறைகள் பல. பின்னர் கறுப்புக் குழாய்ச் சுருள்கள் கடைக்கு வந்தன. ஊற்றில் ஒரு முனையைச் செருகி, மறுமுனையை இஸ்தோப்பு வரை இழுத்துவந்தார்கள். தேயிலை மலைக்கூடாக அக்குழாயைக் கொண்டுவரவும், காம்பராவின் பின்புறம் குசினியொன்றை நீட்டவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். செய்தியாளனாகத் தோட்டங்களுக்குச் சென்ற காலத்தில், குழாயைக் கழற்றுமாறு பணிக்கப்பட்ட குடும்பங்களைச் சந்தித்திருக்கிறேன். தண்ணீர் சுத்தமானதா, கழிவுநீர் எங்கே போகிறது என்று அவர்களிடம் எவரும் கேட்டதில்லை. "யாரைக் கேட்டுப் போட்டாய்?" என்பது மட்டுமே கேள்வி.

ரொறன்ரோவில் கேட்பது வேறு. பிரதான குழாயில் அழுத்தம் குறையும்போது, அழுக்கு வாளிக்குள் அமிழ்ந்துகிடக்கும் ஒரு குழாய்முனை அந்த நீரை உறிஞ்சிப் பொதுக் குடிநீரில் கலந்துவிடக்கூடும். கழிவுக்குழாயில் தண்ணீர் தங்கும் வளைவு இல்லாவிடின் நச்சுவாயு வீட்டினுள் ஏறும். அயலவரையும் பாதிக்கும் வேலை என்பதால்தான் அங்கே பரிசோதகர் வருகிறார்.

இலங்கையிலும் இத்தகைய சட்டம் புதிதல்ல. உள்ளூராட்சி எல்லைக்குள் கட்டடம் எழுப்ப அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் வேண்டும் என்பது 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் சொல்வது. ஆனால் தோட்டத்து மக்கள் உள்ளூராட்சிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களாகவே வாழ்ந்தனர். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகளின் நிதி தோட்டங்களுக்குள் செல்லத் தடையாக இருந்தது. 2018ஆம் ஆண்டிலேயே அது திருத்தப்பட்டது. வாக்குக் கேட்க லயத்திற்கு வந்த சபையால் அதுவரை ஒரு குழாய் பதிக்க வரமுடியவில்லை!

மலைநாட்டில் முறையான பரிசோதனை ஏனைய இடங்களைவிட அவசியமானது. 2007 ஜனவரியில் வலப்பனைப் பகுதியிலும், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலும் மண் சரிந்து உயிர்கள் பலியாகின. அவற்றுக்குப் பெருமழையே காரணம். எனினும், வெட்டிய மண்மேட்டில் ஓயாமல் கசியும் குழாயும் அந்த மேட்டைத் தளர்த்தவே செய்யும். தொட்டியிலிருந்து வழியும் நீரைக் கல்கான் வரை கொண்டுசேர்க்க வேண்டும்; மலசலகூடக் குழி ஊற்றுக்கு மேற்புறத்தில் அமையக்கூடாது. இதனைச் சொல்லித்தர ஓர் உத்தியோகத்தர் லயத்திற்கு வரவேண்டும். அந்த வருகைதான் மெய்யான அனுமதி.

இன்று தனிவீடுகள் எழுகின்றன. இந்திய உதவித் திட்ட வீடுகளும் அவற்றுள் அடங்கும். ஆனால் காணி உறுதி கைக்கு வராத குடும்பங்கள் இன்னும் பல. உறுதி இல்லாதவர் சபையிடம் எந்த உரிமையில் விண்ணப்பிப்பார்? அவர் மீண்டும் தோட்டக் கந்தோர் வாசலிலேயே நிற்க நேரிடும்.

ஆகவே, அனுமதியே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. வீட்டுக்காரர் தம் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். சபை காரணம் காட்டிப் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையிட வழி இருக்க வேண்டும். தயவாகக் கிடைப்பதை எந்த நேரத்திலும் பறிக்கலாம். உரிமையாகக் கிடைப்பதை அப்படிப் பறிக்க முடியாது. உறுதிக்காகக் குரல் கொடுக்கும் நம் தலைவர்கள், அதனோடு சேர்த்து இந்தக் குழாய்க்காகவும் பேசுவார்களா?