பிசான வயலும் மீத்தேனும்

நவம்பர் 18

பிளஸ் ஒன் வகுப்பில் ஆல்கேன்களின் வேதிவினைகளைத் தொடங்கினேன். அமிலமோ காரமோ இவற்றை எளிதில் தொடாது என்றதும் ஒரு மாணவி, "எதோடயும் சேராததை எதுக்கு சார் படிக்கணும்?" என்றாள். நியாயமான கேள்வி. ஆல்கேனில் உள்ள கார்பனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களை ஏறக்குறைய சமமாக இழுக்கின்றன. வினைபொருள் பற்றிக்கொள்ள மின்சுமையுள்ள இடமே இல்லை. சூடோ வெளிச்சமோ வந்தால்தான் அசையும்.

நவம்பர் 19

எரிதல். சமையல் சிலிண்டரின் புரப்பேன், பியூட்டேனை வைத்தே நடத்தினேன். ஒரு மோல் மீத்தேன் எரிந்தால் 890 கிலோஜூல். பியூட்டேன் ஏறத்தாழ 2,877. காற்று போதாவிட்டால் பாத்திரத்தில் கரி, அறையில் கார்பன் மோனாக்சைடு. அடுப்படிச் சன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 21

குளோரினேற்றத்தைப் பள்ளியில் செய்துகாட்ட முடியாது. நச்சு வாயு, நேர்வெயிலில் வெடிக்கவும் கூடும். அதனால் ஹெக்சேனோடு புரோமின் நீரைக் குலுக்கினேன். செம்மஞ்சள் நிறம் மேலடுக்குக்கு ஏறியது. இரண்டு சோதனைக் குழாய்கள். ஒன்றைக் கறுப்புத் தாளில் சுற்றியாயிற்று. காலை முழுவதும் குற்றால மலைமேல் மேகம். நிறம் மெல்லத்தான் இறங்கியது. மதியம் வெயில் விழுந்ததும் திறந்த குழாய் வெளுத்துவிட்டது; சுற்றியது அப்படியே இருந்தது.

ஒளி புரோமின் மூலக்கூறைப் பிளக்கிறது. பிரிந்த புரோமின் அணு ஒரு தனி உறுப்பு; அது ஆல்கேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. மிஞ்சிய ஆல்கைல் உறுப்பு அடுத்த புரோமின் மூலக்கூறைப் பிளக்கிறது. கரும்பலகையில் மூன்று வரி எழுதினாலும் புரியாத சங்கிலி, அந்தக் குழாயில் புரிந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

இலஞ்சியில் பிசானப் பருவ நெல் நடவு. தண்ணீர் கட்டிய வயலில் கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழிகள் எழுகின்றன. அவற்றில் மீத்தேன் உண்டு. 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிச் சேற்றிலிருந்து வோல்டா பிடித்ததும் இதே வாயுவைத்தான்.

வானத்துக்குப் போகும் மீத்தேன் ஏறத்தாழ பத்தாண்டுகள் காற்றில் தங்குகிறது. பிறகு அதில் பெரும்பகுதியை அழிப்பது ஹைட்ராக்சில் தனி உறுப்பு. அதைப் பிறப்பிப்பதும் சூரிய ஒளியே. அதுவும் முதலில் ஒரு ஹைட்ரஜனைத்தான் பிடுங்குகிறது. வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் நடந்த அதே படி! பாடநூலில் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நவம்பர் 24

வகுப்பில் வயலைப் பற்றிச் சொன்னேன். மண்ணுக்குள் காற்று புகுந்தால் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் அடங்கும் என்றதும் பின்வரிசைப் பையன் எழுந்தான். "எங்கப்பா மண்ணைக் காயவிட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாத்தான் தண்ணி விடுதாங்க, சார். அப்போ எங்க வயல்ல மீத்தேன் கம்மியா?"

கம்மிதான் என்றேன். ஏன் என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். நாளை வெப்பச்சிதைவு.