குவார்ட்டர்ஸைக் காலி செய்த மாலை

1957-இல் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த இந்த நெய்வேலியில், உத்தியோகம் முடிந்தால் சம்பளம் மட்டுமன்று, முப்பது வருஷம் நீரூற்றி வளர்த்த பலாமரத்தோடு குவார்ட்டர்ஸும் கைவிட்டுப் போகிறது என்பதை, எதிர்வீட்டு அண்ணன் சாமான்களை லாரியில் ஏற்றிய நேற்று மாலை, கனத்த மனத்தோடு பார்த்து நின்றேன்.

தமிழக அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், மறுவருஷமே 60 ஆகவும் உயர்த்தியபோது, வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள் அடைந்த வேதனை நியாயமானதே. ஆயினும், சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டின் சத்தம் மாறுவதைக் கொண்டே கோளாறைச் சொல்லிவிடும் அண்ணனுடைய செவியின் ஞானத்தை, அறுபது நிறைந்த ஒரே காரணத்தால் வீட்டுக்கு அனுப்புவது பெரும் நஷ்டம் என்றே என் மனம் சொல்லுகிறது. அதை ஓர் இளைஞனுக்குக் கற்பிக்க இரண்டு வருஷமேனும் அவகாசம் கொடுக்கலாகாதா?

லாரி ஏறுமுன் அவர் பலாமரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.