சின்னம்மாவின் கையொப்பம்

இன்ஷூரன்ஸ் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவரிற் பலர் சாவை நினைக்கின்றனர். "விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தப் பேச்சை எடுக்காதே" என்று வீட்டுப் பெரியவர்கள் வாயடைப்பதை நாம் சிறுவயது முதற் கேட்டிருக்கிறோம். நோய்க்கென்று மாதாமாதம் பணம் கட்டுவது நோயை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும் என்பது அவர்கள் கொள்கை. அங்ஙனம் அஞ்சுவோரும் கடைசியில் ஒரு பத்திரத்தில் கையொப்பமிடத்தான் செய்கிறார்கள்; ஆனால் இராகு காலம் கழிந்ததா என்று கடிகாரத்தைப் பார்ப்பார்களேயன்றிப் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பதில்லை. நமது சித்தப்பாவும் அப்படியே செய்தார். நேரம் நல்ல நேரந்தான்.

சித்தப்பா பினாங்குப் பட்டணத்துத் தபால்காரர். டௌனிங் தெருவிலுள்ள பெரிய தபாலாபீசிலிருந்து புறப்பட்டு, பசார் தெரு, குயின் தெரு, பினாங்குத் தெரு முதலிய இடங்களில் ஏறக்குறைய நாற்பதாண்டு கடிதம் கொடுத்தவர். எந்தக் கடையின் மேல்மாடியில் எந்தக் குடும்பம் இருக்கிறது, எந்தக் குடும்பம் வீடு மாறிப் பட்டர்வொர்த் போய்விட்டது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விலாசம் அரைகுறையாய் எழுதிய கடிதமும் அவர் கையிற் பட்டால் உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். இத்தகையவர் தம் மனைவி பெயருக்கு வந்த கடிதங்களை மட்டும் ஒருநாளும் அவரிடம் கொடுத்ததில்லை. மேசை இழுப்பறையில் போட்டு வைப்பார். நாம் தோட்டத்திலிருந்து படகேறி அவர் வீட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து நீட்டுவார். ஆங்கிலம் அறிந்த கிராணி என்பதனால் குடும்பத்தின் காகிதங்களெல்லாம் நம் தலையில் விழுவது வழக்கம்.

1992-ஆம் ஆண்டில் தபால் இலாகா கம்பெனியாக மாற்றப்பட்டபோது சித்தப்பாவின் முன் ஒரு தாள் வைக்கப்பட்டது. அரசாங்க ஓய்வூதியத்தோடு இருப்பதா, ஊழியர் சேமநிதிக்கு மாறுவதா என்பதே கேள்வி. அவர் சேமநிதியைத் தெரிந்துகொண்டார். சேமநிதிக் கணக்கில் ஒரு தொகை கண்ணுக்குத் தெரியும். வீடு வாங்கவும் அதில் ஒரு பகுதியை எடுக்கலாம். ஓய்வூதியமோ கண்ணுக்குத் தெரியாத காலத்தில் வருவது. ஆயர் ஈத்தாமில் அவர் வாங்கிய வீடு அந்தத் தெரிவின் பயனே. அதனை நாம் குறை கூறமாட்டோம். ஆயினும் ஓய்வூதியத்தின் வாலிலே மற்றொன்று தொங்கிக்கொண்டிருந்ததை அவரும் பார்க்கவில்லை. அவரைச் சுற்றி நின்று யோசனை சொன்னவர்களும் பார்க்கவில்லை. அரசாங்க ஓய்வூதியம் பெறுவோரும் அவர்தம் மனைவியரும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறுவார்கள். அங்கே இருப்பில்லாத மருந்தை வெளியே வாங்க நேர்ந்தாலும் அரசாங்கம் பொறுப்பேற்கும். முப்பத்திரண்டு வயதுக்காரர் எவர்தாம் அறுபத்திரண்டாம் வயதின் மருந்துச் சீட்டை நினைத்துக் கையொப்பமிடுகிறார்? நாமும் இப்போது அவ்வயதினரே. நம் கணக்கையும் நாம் சரியாகப் பார்த்ததில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஒரு ஏஜண்டின் பேச்சைக் கேட்டு, சித்தப்பா தமக்கும் சின்னம்மாவுக்கும் தனித்தனி மெடிக்கல் கார்டு எடுத்தார். சின்னம்மாவுடையது அந்தக் கம்பெனியின் திட்டங்களுள் மிகச் சிறியது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கடிதம் வந்தது. மாதம் 190 வெள்ளியாக இருந்த சின்னம்மாவின் பிரீமியம் 270 வெள்ளியாகும். சித்தப்பாவினுடையது அதனினும் அதிகம். மருத்துவச் செலவு ஏறிவிட்டது என்பது காரணம். அவ்வாண்டில் நாடெங்கும் இப்படிக் கடிதம் பெற்ற வீடுகள் பல.

அடுத்த ஞாயிறன்று குடும்ப ஆலோசனை நடந்தது. சித்தப்பா, அவர் மகன், நாம் ஆகிய மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். சின்னம்மா அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். வழிகள் பல இருந்தன. தொகையில் ஒரு பங்கை நோயாளியே ஏற்கும் திட்டங்களைக் கம்பெனிகள் வைத்திருக்க வேண்டுமென்று பேங்க் நெகாரா 2024 செப்டம்பர் முதல் விதித்திருந்தது. நூற்றுக்கு 5 பங்காவது, அல்லது முதல் 500 வெள்ளியாவது நாம் கொடுப்பதாக ஒப்பினால் பிரீமியம் குறையும். இதனை நாம் சொல்லத் தொடங்கினோம். மகன் இடைமறித்தான். "அப்பாவுக்குத்தான் இருதயக் கோளாறு. அம்மா நன்றாகத்தானே இருக்கிறார்கள். அம்மா கார்டை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாய்ப் போகும்" என்றான். சித்தப்பா தலையசைத்தார். சம்பாதிக்காதவர் பெயரில் செலவு எதற்கு என்பது அவர் சொல்லாமற் சொன்ன நியாயம். நாற்பதாண்டு விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தது சம்பாத்தியக் கணக்கில் சேரவில்லை.

அப்போது நாம் என்ன செய்தோம் என்று வாசகர்கள் கேட்கலாம். நிறுத்தக் கடிதத்தை எழுதியவர் நாமே. தோட்டத்து ஆபீசில் நாள்தோறும் எழுதும் கடிதங்களின் நடையில், பிழையில்லாத ஆங்கிலத்தில், நான்கே வரிகளில் எழுதினோம். சின்னம்மாவை அழைத்து, "இங்கே கையெழுத்துப் போடுங்கள், சின்னம்மா" என்றோம். மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, "எதுக்குத் தம்பி?" என்றார். "கார்டு விஷயம்" என்று சித்தப்பா சொன்னார். போட்டார். தமிழில், தம் பெயரை முழுமையாய் எழுதினார். தோசை கருகுகிறதென்று திரும்பி ஓடினார்.

நவம்பரில் அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. ஒரு வெள்ளி கட்டி அரசாங்க கிளினிக்கில் காட்டினார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பது தெரிந்தது. இருதயத்தையும் பார்க்க வேண்டுமென்று ஸ்பெஷலிஸ்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நம் நாட்டு அரசாங்க மருத்துவத்தை இழித்துரைப்பது நமக்கு உடன்பாடன்று. ஒரு வெள்ளிக்கும் ஐந்து வெள்ளிக்கும் டாக்டரைக் காணும் வாய்ப்பு எத்தனை நாடுகளில் உண்டு? காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் இருதயம் காத்திருக்குமா என்பதே எங்கள் கவலை. கார்டு இருந்திருந்தால் அந்த வாரமே வேறிடத்தில் பார்த்திருக்கலாம். திரும்பப் புதிதாக எடுக்கலாமா என்று ஏஜண்டைக் கேட்டோம். இனி நோய் விவரம் எழுத வேண்டும், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடையாது, அறுபத்தொரு வயது வேறு என்றார்.

அந்த நாட்களில் நாம் இரவில் தூக்கமின்றி ஏதேதோ படித்துக்கொண்டிருந்தோம். அமெரிக்கத் தபால் ஊழியரைப் பற்றிய செய்தி ஒன்று கண்ணிற் பட்டது. அவர்கள் 1960 முதல் நடந்துவரும் மத்திய அரசாங்க ஊழியர் மருத்துவத் திட்டத்தில் இருந்தவர்கள். 2022-இல் இயற்றப்பட்ட தபால் சீர்திருத்தச் சட்டப்படி, ஊழியர்க்கும் ஓய்வு பெற்றோர்க்கும் தனித் திட்டம் ஏற்பட்டு 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குரிய தெரிவுப் பருவம் 2024 நவம்பர் 11 முதல் டிசம்பர் 13 வரை. அதாவது சின்னம்மா மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அதே வாரங்கள். ஆண்டுதோறும் இப்படி ஒரு பருவம் உண்டு. தமக்கு மட்டும், தமக்கும் இன்னொருவருக்கும், குடும்பம் முழுமைக்கும் என்று மூவகையில் எதனையும் எடுக்கலாம். சர்க்கரை உண்டா என்று எவரும் கேட்பதில்லை. நோயைக் காட்டி எவரையும் தள்ளுவதில்லை. பிரீமியத்தின் பெரும்பகுதியையும் அவர்கள் தாமே கட்ட வேண்டுவதில்லை. அங்கும் முட்கள் இல்லாமலில்லை. அறுபத்தைந்து வயதான ஓய்வாளர், சில விலக்குகள் நீங்கலாக, மெடிகேர் என்னும் முதியோர் திட்டத்தின் பி பகுதியிலும் சேர்ந்து அதற்கு வேறு பணம் கட்ட வேண்டும். ஓய்வு பெற்றவர் திட்டத்தையே ரத்துச் செய்தாலோ, பெரும்பாலும் மறுபடி நுழைய முடியாது. கையொப்பத்தின் கொடுமை அங்கும் அதுதான் போலும். ஆயினும் ஒரு தபால்காரரின் மனைவியைச் சேர்த்துக்கொள்ள ஆண்டுக்கொரு முறை கதவு திறக்கிறதே என்று நாம் பொறாமைப்பட்டது உண்மை.

நம் நாட்டிலும் ஒரு கதவு திறந்தது. அதனை நாம் எதிர்பார்க்கவில்லை. 2024 டிசம்பர் 20-ஆம் நாள் பேங்க் நெகாரா சில இடைக்கால ஏற்பாடுகளை அறிவித்தது. பிரீமிய ஏற்றத்தைக் குறைந்தது மூன்றாண்டுகளில் பரப்ப வேண்டும். பாலிசிதாரரில் நூற்றுக்கு 80 பேருக்காவது ஆண்டு ஏற்றம் 10 பங்குக்குக் கீழ் இருக்கும். அறுபதும் அதற்கு மேலும் வயதாகி, மிகச் சிறிய திட்டத்தில் இருப்போர்க்கு ஓராண்டு ஏற்றமே கூடாது. இவற்றின் அடியில் இன்னொரு வரி இருந்தது. ஏற்றத்தின் காரணமாக 2024-இல் பாலிசியைக் கைவிட்டவர்கள், புதிதாய் மருத்துவ விசாரணையின்றி அதனைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதே அது. நாம் அவ்வரியை மூன்று முறை படித்தோம். சின்னம்மாவுக்கு வயது அறுபதுக்கு மேல், திட்டம் மிகச் சிறியது, கைவிட்டது 2024-இல். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

மறுநாளே படகேறினோம். வீட்டில் எதிர்ப்பு இருந்தது. நிறுத்தியது நிறுத்தியதுதான், பாக்கியை வேறு கட்ட வேண்டுமே என்றான் மகன். சித்தப்பா வாய் திறக்கவில்லை. இம்முறை நாம் மேசையில் உட்காராமல் அடுக்களைக்குப் போனோம். சின்னம்மாவைப் பலகையில் அமர்த்தி, ஆகஸ்டுக் கடிதத்தையும், நாம் எழுதிய நான்கு வரிகளையும், பேங்க் நெகாரா அறிவிப்பையும் தமிழில் ஒவ்வொன்றாய்ச் சொன்னோம். நான்கு வரிகளைச் சொல்லும்போது நம் குரல் நன்றாயில்லை.

அவர் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார். பின்பு, "அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டது இதுக்கா?" என்றார். "ஆமாம், சின்னம்மா." சிறிது நேரம் பேசவில்லை. நம்மைத் திட்டியிருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும். பிறகு அவர் கேட்ட கேள்விகளை ஏஜண்டும் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. ஒரு வருஷம் ஏறாது என்றால் அடுத்த வருஷம் எவ்வளவு? அது தாளாவிட்டால் நிறுத்தாமல் சிறிதாக்க முடியுமா? அந்த 500 வெள்ளி முறை இதற்கும் உண்டா? அப்பா போய்விட்டால் இது என் பெயரில் இருக்குமா? பாதிக்கு மேல் நமக்கு விடை தெரியவில்லை. எழுதிக்கொண்டு போய்க் கம்பெனியில் கேட்டு, அடுத்த ஞாயிறு வந்து சொன்னோம்.

பாக்கித் தொகைக்குச் சித்தப்பாவிடம் அவர் கை நீட்டவில்லை. தீபாவளிக்கு அண்டை வீட்டாருக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டுக் கொடுத்துச் சேர்த்திருந்த பணம் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. 2025 ஜனவரியில் பாலிசி உயிர் பெற்றது. பிப்ரவரியில் ஸ்பெஷலிஸ்டு பார்த்து, அடைப்பு இருப்பதாகக் கண்டு, இருதயக் குழாய்க்குள் சிறு வலைக்குழல் ஒன்றை வைத்தார். செலவின் பெரும்பகுதியைக் கம்பெனி கொடுத்தது. இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த டாக்டர் சொல்லத் தொடங்கியதை நாம் கேட்க விரும்பாமல் வெளியே வந்துவிட்டோம்.

ஓராண்டு சலுகை முடிந்தபின் மீண்டும் கடிதம் வந்தது. ஏற்றம் இருந்தது, தாங்கக்கூடிய ஏற்றமே. இடைக்கால ஏற்பாடுகளுக்கு 2026 முடிவு வரையே ஆயுள். அதன்பின் மூன்றாம் கடிதம் எப்படி வருமோ! இப்போது அக்கடிதங்கள் மேசை இழுப்பறைக்குப் போவதில்லை. புதுப்பிக்கும் தாளை நிரப்பும்போது தொலைபேசி எண் என்ற இடத்தில் நாம் வழக்கம்போல் மகனுடைய எண்ணை எழுதத் தொடங்கினோம். சின்னம்மா நம் கையைப் பிடித்து நிறுத்தி, "அது அவன் நம்பர் தம்பி. என் நம்பரைப் போடு" என்று சொல்லி, ஒவ்வோர் எண்ணாய்ச் சொன்னார்.