ஸ்லாட் கொடுத்த பெயர்

சர்வர் என்று நாம் சொல்வது இன்று பெரும்பாலும் ஒரு பொருள் அல்ல, சில கோப்புகள். வட்டு, நினைவகம், வலை அட்டை எல்லாம் இருப்பதாக இன்னொரு மென்பொருள் அதற்காக ஓயாமல் பாவனை செய்கிறது. உள்ளிருக்கும் லினக்ஸுக்கு இது தெரியும், கேட்டால் சொல்லும். தெரிந்தும் அந்தப் பாவனைக்குள்ளேயே வருஷக்கணக்கில் வேலை செய்கிறது.

2023 நவம்பரில் வி.எம்.வேர் பிராட்காம் வசமாயிற்று. டிசம்பரில் நிரந்தர உரிமங்களின் விற்பனை நின்றது. பலர் வேறிடம் தேடினார்கள். நான் பராமரிக்கும் ஒரு நூலக அட்டவணையின் சர்வரையும் கே.வி.எம்.முக்குக் கொண்டுபோக வேண்டிவந்தது. அது எழாவிட்டால் புத்தகங்கள் அலமாரியில் இருக்கும். எது எங்கே என்று சொல்ல ஆளிருக்காது.

பிரதி எடுப்பது சுலபம். பிரதி விழிக்க வேண்டும். துவக்கக் கோப்பைத் தயாரிக்கும் டிராகட், சிக்கனம் கருதி, இருக்கிற இடத்துக்கு வேண்டிய டிரைவர்களை மட்டுமே அதில் வைக்கிறது. புது இடத்தில் வட்டு விர்ட்டையோ வழியாக வருகிறது. அந்த டிரைவர் இல்லாத சர்வர் தன் வட்டையே காணாமல் பாதியில் நின்றுவிடும். எனவே பழைய இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் சேர்த்துத் துவக்கக் கோப்பை மறுபடி கட்டினேன்.

அடுத்தது பெயர்கள். எஸ்.டி.ஏ. என்றிருந்த வட்டு வி.டி.ஏ. ஆகிறது; ஈ.என்.எஸ். 192 என்றிருந்த வலை அட்டை ஈ.என்.எஸ். 18 ஆகிறது. பழைய பெயரிலேயே முகவரி எழுதியிருந்தால் சர்வர் விழித்திருக்கும். கூப்பிட்டால் காதில் விழாது. வட்டின் வகையும் ஸ்லாட்டின் எண்ணும் கொடுத்த பெயர்கள் இவை. கோப்பு முறைமைக்குள்ளேயே பொறித்த 128 பிட் யு.யு.ஐ.டி. அப்படியல்ல. உச்சரிக்கக்கூட முடியாது, ஆனால் கூடவே வருகிறது.

கவிதையைப் பற்றிப் பேசும்போது நாம் உபயோகிக்கும் பெயர்களை யோசிக்கிறேன். வெளிவந்த பத்திரிகை, சேர்ந்த குழு, எழுதிய பத்தாண்டு: எல்லாம் ஸ்லாட் எண்கள்தாம். அந்தச் சூழல் கலைந்தபின் கவிதை எழுந்து நிற்குமா என்பதற்கு இவற்றில் பதில் இல்லை. உள்ளே பொறித்த அடையாளம் வேண்டும் என்று சொல்லி முடித்துவிடலாம்; அதுவும் பாதிதான். டிரைவர் இல்லாத இடத்தில் யு.யு.ஐ.டி.யைத் தேடிப் பிடிக்க வழியில்லை. தன் வட்டத்து வாசகனுக்கு மட்டும் போதும் என்று கழித்துக் கட்டிய சிக்கனம், எழுதும் நாளில் குறையாகத் தெரிவதில்லை. இடம் மாறும்போதுதான் தெரிகிறது.