நீர்வாசலுக்கு அப்பால் ஒரு பாங்கொக்

பாங்கொக் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வியாபாரம்தான். புறக்கோட்டையிலும் வெளியூர்களிலும் உடுபுடவைக் கடை வைத்திருப்போரில் பலர் அங்கு போய் வந்தவர்கள். பொதிகளை நிரப்பிக்கொண்டு நாலாம் நாள் ஊர் திரும்பிவிடுவார்கள். "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் பிரதுநாம் சந்தை, ஹோட்டல், விமான நிலையம் என்ற மூன்றோடு பதில் முடிந்துவிடும். இன்னொரு சாரார் அந்நகரின் இரவு வாழ்க்கையைப் பற்றிக் கேள்விப்பட்டு, பெயரைச் சொல்லவே கூச்சப்படுவார்கள். நான் போகிறேன் என்றதும் உம்மாவும், "அங்க தனியப் போய் என்னத்தப் பாக்கப் போறாய், மகன்?" என்றுதான் கேட்டார்.

நியாயமான கேள்வி. முதல் மூன்று நாட்களில் எனக்குக் கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொழும்பிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலப் பறப்பு. அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் முந்தியது. இறங்கியவுடன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டால் தொழுகை வக்துகளில் குழப்பமிராது. 2006ல் திறக்கப்பட்ட சுவர்ணபூமி விமான நிலையத்தின் அடித்தளத்திலிருந்தே நகருக்குப் புகையிரதம் புறப்படுகிறது. ராஜப்பிராரோப் என்ற நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் பிரதுநாம்.

முதல் நாள் முழுவதும் அந்தச் சந்தையிலேயே கழிந்தது. புறக்கோட்டை குறுக்குத் தெருக்களை ஒன்றாக்கி, மேலே கூரை போட்டு, நடுவில் நடக்க ஒரு முழம் இடம் விட்டது போன்ற நெரிசல். தலைக்கு மேலே 304 மீற்றர் உயரத்தில் பையோக் கோபுரம். கீழே பொதி வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும். பேரம் பேசுகிறவர்கள் மொழி தெரியாமலே கணிப்பானில் இலக்கத்தைத் தட்டிக் காட்டி விலை முடித்துக்கொள்கிறார்கள். பசியெடுத்தால் சாய்சதுர வடிவிலான தாய்லாந்து ஹலால் முத்திரையைத் தேடவேண்டும். அது தொங்கிய ஒரு சிறு கடையில் 'காவ் மொக் கை' சாப்பிட்டேன். பெயர்தான் புதிது, தட்டில் வந்ததோ மஞ்சள் நிறக் கோழி புரியாணி.

அந்தக் கடைக்காரப் பெண்மணிதான் பிரதுநாம் என்ற சொல்லுக்குப் பொருள் சொன்னார். 'பிரது' என்றால் வாசல், 'நாம்' என்றால் நீர். வாய்க்காலின் நீரைத் தேக்கித் திறந்துவிடும் மதகு இருந்த இடமாம். இத்தனை காலமும் நம்மவர்கள் உச்சரித்துவரும் அந்தப் பெயருக்குள் ஒரு நீர்வாசல் இருந்திருக்கிறது! "வாய்க்கால் எங்கே?" என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். சந்தைக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாட் காலை அந்த வாய்க்காலில் படகேறினேன். சென் செப் என்பது அதன் பெயர். மூன்றாம் ராமா மன்னரின் காலத்தில், 1837க்கும் 1840க்கும் இடையில், கிழக்கே போர்முனைக்குப் படைகளையும் தளபாடங்களையும் அனுப்புவதற்காக வெட்டப்பட்டது. இன்று வீதி நெரிசலுக்குத் தப்பி வேலைக்குப் போகிறவர்கள் அதில் போகிறார்கள். படகு நிற்பது சில நொடிகள்தான். கயிற்றைப் பிடித்துத் தாவி ஏறவேண்டும். நடத்துனர் தலைக்கவசம் அணிந்து படகின் விளிம்பிலேயே நடந்து காசு வாங்குகிறார். நீர் கறுப்பு, வாடையும் உண்டு. எதிர்ப் படகு வரும்போது ஓரத்தில் இருப்பவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்தி எல்லோரையும் நனையாமல் காக்கிறார்கள். அதை யாரும் யாரிடமும் சொல்லிச் செய்விப்பதில்லை. நானும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

பிரதுநாமிலிருந்து மேற்கே இரண்டாவது துறை பான் குருவா. இறங்கினால் இரண்டு பேர் ஒதுங்கி நடக்கக்கூடிய ஒழுங்கை. மரவீடுகள், பூச்சாடிகள், தொப்பியணிந்த ஒரு சிறுவன், சற்றுத் தள்ளி ஜாமிஉல் கைரிய்யா பள்ளிவாசல். இவர்கள் சாம் முஸ்லிம்கள். கம்போடியாவிலிருந்து வந்து, பாங்கொக்கை 1782ல் தலைநகராக்கிய முதலாம் ராமா மன்னரின் படையில் சேர்ந்து போரிட்டவர்களின் வழித்தோன்றல்கள். அந்தச் சேவைக்குப் பரிசாகக் கிடைத்ததே இந்த நிலம்.

ளுஹர் முடிந்து ஸலாம் சொன்ன ஒரு பெரியவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம். எனக்குத் தாய் மொழியில் வணக்கம் மட்டும். மிச்சத்தைச் சைகை பார்த்துக்கொண்டது. இங்கே வீட்டுக்கு வீடு தறி இருந்த காலத்தை அவர் கைகளை அசைத்தே காட்டினார். மருதமுனைத் தறிச் சத்தம் கேட்டுப் பழகிய எனக்கு அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

தாய்ப் பட்டை உலகறியச் செய்தவர் என்று புகழப்படும் அமெரிக்கர் ஜிம் தொம்சன், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த நெசவாளரிடம்தான் பட்டு வாங்கினார். வாய்க்காலின் மறுகரையில், பழைய தேக்கு வீடுகளைக் கொண்டுவந்து இணைத்து 1959ல் அவர் குடிபுகுந்த இல்லம் இன்று நூதனசாலையாக இருக்கிறது. அதன் பிரதான மண்டபமே பான் குருவாவிலிருந்து பெயர்த்தெடுத்துச் சென்ற வீடுதான். 1967ல் மலேசியாவின் கெமரன் மலைப்பகுதியில் உலாவச் சென்றவர் திரும்பவேயில்லை. அவரது இல்லத்தைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆண்கள் பட்டணியலாகாது என்ற மார்க்கத்தைப் பின்பற்றிக்கொண்டே உலகம் அணியப் பட்டு நெய்த அயல்வாசிகளின் கரைக்கு வருவோர் சிலரே. தறி ஓடுவதும் இப்போது ஓரிரு வீடுகளில்தான்.

ஆனாலும் அந்தக் கரை இன்னும் இருக்கிறதே, அதுவே பெரிய விஷயம். 1980களின் பிற்பகுதியில் கடுகதிப் பாதையொன்றின் கிளை வீதியை இந்தக் குடியிருப்பின் ஊடாகக் கொண்டுசெல்லத் திட்டமிட்டார்கள். அது நிறைவேறியிருந்தால் இரு நூற்றாண்டுப் பழைமையான ஊர் சிதறிப்போயிருக்கும். மக்கள் பள்ளிவாசலை மையமாக வைத்து ஒன்றுகூடினார்கள். அரச காரியாலயங்களின் வாசலில் அமர்ந்தார்கள். மனுக் கொடுத்தார்கள். அந்த வீதியால் நெரிசல் குறையுமா என்று கணக்குக் கேட்டார்கள். 1993ல் பகிரங்க விசாரணை நடைபெற்றபோது முடிவு அவர்களுக்கே சாதகமாக அமைந்தது. அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் விழித்திருந்தார்கள். வீதி வரவில்லை. பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், ஒரு சிறுபான்மைக் குடியிருப்பு பொறுமையாலும் நியாயத்தாலும் தன் இடத்தைக் காத்துக்கொண்டது. இடம்பெயர்வின் வேதனை தெரிந்த நமக்கு இதன் பெறுமதியைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

மூன்றாம் நாள் சாவ் பிரயா ஆற்றைக் கடந்து தொன்புரிப் பக்கம் போனேன். அங்கே பாங்கொக் யாய் வாய்க்காலருகே நகரின் மிகப் பழைய பள்ளிவாசலான தொன் சொன் இருக்கிறது. அதற்கு எதிர்ப்புறத்தில் பாங் லுவாங் பள்ளிவாசல். மினாராவும் குவிமாடமும் இல்லை. தாய்லாந்துக் கோயில்களின் பாணியில் கூரை, முகப்பில் பூவேலைப்பாடு, எங்கும் வெள்ளை. உள்ளே அதே கிப்லா, அதே ஸப்பு. ஊரின் அழகைத் தாங்கிக்கொண்டே மார்க்கத்தைக் காக்கலாம் என்பதை அந்தக் கட்டடம் சொல்லாமல் சொல்கிறது.

கூட்டமாகப் போனால் நமக்குள்ளேயே பேசிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். தனியாகப் போகிறவன் வழி கேட்டே ஆகவேண்டும். கேட்டால்தான் ஊர் வாய் திறக்கிறது. சாப்பாட்டுக் கடையில் ஒரு சொல்லின் பொருளைக் கேட்டதுதான் என்னைப் பான் குருவாவில் கொண்டுபோய் விட்டது. உம்மாவுக்கு நான் சொன்ன பதிலும் அதுவே.

எனவே, பாங்கொக் போகும் வியாபாரி நானாமாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பொதி கட்டி முடித்தபின் அரை நாளை மீதம் வையுங்கள். பிரதுநாம் துறையில் மேற்கே போகும் படகில் ஏறி, இரண்டாவது துறையில் இறங்குங்கள். கட்டணம் சொற்பம்தான். ளுஹரை அங்கே ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு ஸலாம் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.