சித்தப்பாவுக்குச் சொன்ன பதில்

செல்களை வளர்ப்பது பெரிய காரியமில்லை. தட்டில் பரப்பி, சத்து நீர் ஊற்றி, 37 டிகிரி வெப்பத்தில் வைத்துவிட்டால் அவை பாட்டுக்குப் பெருகும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கனமான திசுவாக ஆக்க முயலும்போதுதான் சாவு ஆரம்பிக்கிறது. இரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு தூரம் வரைதான் ஆக்ஸிஜன் கசிந்து போய்ச் சேரும். அதற்கு அப்பால் இருக்கும் செல்லுக்கு ஒன்றும் கிடைக்காது. வெளியிலிருந்து பார்த்தால் திசு உருண்டை பளபளவென்று இருக்கும். குறுக்கே வெட்டிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், ஓரத்தில் உயிருள்ள செல்கள் ஒரு வளையமாகவும் நடுவில் செத்தவை ஒரு குவியலாகவும் தெரியும்.

டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக் நூறு வருடங்களுக்கு முன்பே இதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். ஒரு தந்துகி, அதாவது மிக நுண்ணிய இரத்தக் குழாய், தன்னைச் சுற்றி எவ்வளவு தூரத்துத் தசைக்கு ஆக்ஸிஜன் கொடுக்க முடியும் என்று 1919இல் அவர் ஆராய்ந்தபோது, அதற்கான சமன்பாட்டை எழுதிக் கொடுத்தவர் எர்லாங். தொலைபேசி இணைப்பகங்களில் அழைப்புகள் காத்திருக்கும் கணக்கைக் கண்டுபிடித்த அதே எர்லாங்தான். அடுத்த ஆண்டு க்ரோக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் ஆய்வுக்கூடத்தில் திசு வளர்க்கும் எவரும் அவருடைய கணக்கைத் தாண்டிப் போக முடியாது.

நான் இந்தத் துறைக்கு வந்ததற்குக் காரணம் க்ரோக் இல்லை, என் சித்தப்பா. கோபிசெட்டிபாளையத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். சர்க்கரை நோய் அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஈரோட்டுக்குப் பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ் செய்துகொள்வார். அதற்காக அவருடைய இடது கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள். அந்த இடம் புடைத்து நிற்கும். மேலே விரலை வைத்தால் உள்ளே இரத்தம் கிர்ரென்று அதிர்ந்து ஓடுவது தெரியும். பயோடெக்னாலஜி படித்துக்கொண்டிருந்த நாளில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பேன். ஒரு மனிதர் உயிரோடு இருப்பது ஒரு குழாயில் ஓட்டம் நிற்காமல் இருப்பதைப் பொறுத்தது என்பதைப் புத்தகத்துக்கு முன்னால் அந்தக் கைதான் எனக்குச் சொன்னது.

அந்தச் சமயத்தில்தான், 2011இல், அமெரிக்காவில் அந்தோணி அட்டாலா என்ற மருத்துவர் மேடையில் நின்று, சிறுநீரக வடிவில் அச்சிட்ட ஒன்றைக் கையில் ஏந்திக் காட்டினார். அதில் வடிவம் மட்டும்தான் இருந்தது. இரத்தக் குழாயோ, வேலை செய்யும் வடிகட்டியோ கிடையாது. ஆனால் ‘கிட்னியை அச்சடித்துவிட்டார்கள்’ என்றே செய்தி ஊரெல்லாம் பரவியது. சித்தப்பாவும் படித்தார். “கண்ணு, நீ படிக்கறதும் இதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து நான் எப்போது பேசினாலும் கடைசியில் ஒரு கேள்வி வரும்: “கிட்னி எப்போ வரும்?”

படிப்பு முடிந்து பாஸ்டன் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே நான் கற்றுக்கொண்ட முறை ஹார்வர்டில் ஜெனிஃபர் லூயிஸ் குழுவினர் வகுத்தது. அவர்கள் 2016இல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனமுள்ள திசுவை, உள்ளே குழாய்கள் ஓடவிட்டு, ஆறு வாரத்துக்கும் அதிகமாக உயிரோடு வைத்துக் காட்டினார்கள். க்ரோக்கின் கணக்கோடு ஒப்பிட்டால் அந்த ஒரு சென்டிமீட்டர் எவ்வளவு பெரிது என்பது புரியும்.

செய்முறையைச் சொல்கிறேன். சுவாமிமலையில் ஸ்தபதிகள் முதலில் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றுவார்கள். உள்ளே மிஞ்சும் வெற்றிடத்தில் உலோகம் போகும். நாங்களும் வெற்றிடத்தைத்தான் செய்கிறோம். எங்கள் மெழுகின் பெயர் புளூரானிக். அதன் குணம் தலைகீழானது. அறை வெப்பத்தில் கெட்டியாக நிற்கும், குளிர்ந்தால் தண்ணீராகிவிடும். அதை ஊசி முனையிலிருந்து பிதுக்கி, குழாய்கள் எப்படிக் கிளை பிரிய வேண்டுமோ அப்படியே கோடு கோடாக இழுக்கிறோம். அதன்மேல் ஜெலட்டினும் ஃபைப்ரினோஜனும் செல்களும் கலந்த குழம்பை ஊற்றுகிறோம். நமக்குக் காயம் பட்டால் இரத்தம் உறைவது எந்தப் புரதத்தாலோ அதே ஃபைப்ரின்தான் இங்கேயும் குழம்பை இறுக வைக்கிறது. இறுகியபின் குளிர வைத்தால் உள்ளே இருக்கும் கோடுகள் உருகிவிடும். மெல்ல உறிஞ்சி எடுத்துவிட்டால் திசுவுக்குள் காலி வாய்க்கால்கள் நிற்கும்.

வெறும் வாய்க்கால் இரத்தக் குழாய் ஆகாது. அதன் உட்சுவரில் எண்டோதீலியச் செல்கள் ஒரு வரிசையாகப் படிய வேண்டும். பெரும்பாலும் தொப்புள் கொடியின் சிரையிலிருந்து அவற்றை எடுக்கிறார்கள். 1973இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபி காட்டிக் கொடுத்த வழி அது. பிரசவம் முடிந்ததும் குப்பைக்குப் போகவிருந்த கொடியை, ஒரு தாய் சம்மதித்துக் கொடுத்திருப்பாள். அவள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அந்தச் செல்கள் உறைந்திருக்கும் சின்னக் குப்பியைத் திரவ நைட்ரஜனிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாயை நினைத்துக்கொள்வேன். இது என் வழக்கம்.

செல்களை வாய்க்காலுக்குள் செலுத்தியபின், திசு இருக்கும் சில்லைப் புரட்டிப் புரட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் அடியில் மட்டும் உட்கார்ந்துவிடும், கூரை மொட்டையாக நிற்கும். பிறகு பம்பை இணைத்து, இளஞ்சிவப்பு சத்து நீரை மெல்ல ஓடவிடுவோம். ஓட்டம் தொடங்கிய சில நாளில் ஒரு மாற்றம் நடக்கும். திசையில்லாமல் கிடந்த செல்கள் நீண்டு மெலிந்து, நீர் போகும் பக்கமாகத் தங்களைத் திருப்பிக்கொள்ளும். யாரும் அவற்றுக்குச் சொல்லித் தருவதில்லை. ஓட்டம் உரசும் உரசலை உணர்ந்து அவையே செய்துகொள்கின்றன. இதை முதன்முதலில் கண்ணால் பார்த்த இரவு நான் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நுண்ணோக்கி அறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் குழாய்களுக்கு எமன் காற்றுக் குமிழி. கண்ணுக்கே தெரியாத ஒரு குமிழி குழாய்க்குள் புகுந்தால், போகிற வழியெல்லாம் செல்களைச் சுரண்டிக்கொண்டு போய்விடும். பல வார உழைப்பு ஒரே இரவில் போகும். எங்கள் கூடத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கற்றுக் கொடுப்பது குமிழி பார்ப்பதைத்தான்.

இந்த வேலையில் கை பழகப் பழக, சித்தப்பாவின் கேள்வி எனக்குக் கனத்துக்கொண்டே போனது. ஒரு மனிதச் சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டும் அலகுகள். ஒவ்வொன்றின் தலையிலும் தந்துகிகள் சுருண்ட ஒரு முடிச்சு. இரண்டு சிறுநீரகங்கள் வழியாகவும் சேர்த்து நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் இரத்தம் பாய்கிறது. நாங்கள் அச்சிடும் வாய்க்காலின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் பங்கு. உண்மையான தந்துகியோ சிவப்பணு ஒன்று நெருக்கிக்கொண்டு நுழையும் அகலந்தான். அவ்வளவு நுண்ணிய குழாயை ஊசியால் வரைய முடியாது. செல்களே கிளைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும், கட்டியவை பெரிய குழாயோடு வந்து சேரவும் வேண்டும். அதன்பின் உடலில் தைத்தால் தமனியின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். உட்சுவரில் ஓர் இடத்தில் செல் உரிந்திருந்தாலும் அங்கே இரத்தம் உறைந்து வழி அடைந்துபோகும்.

உலகமே எங்கே நிற்கிறது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள, உறுப்புபோல வேலையும் செய்யும் மனிதத் திசுவை, குழாய்களோடு, 30 நாள் உயிரோடு வைத்துக் காட்டுகிறவர்களுக்கு 5 லட்சம் டாலர் பரிசுத் திட்டம் என்று 2016இல் நாசா அறிவித்தது. முதல் இரண்டு இடங்களையும் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் ஆய்வகத்தின் இரு குழுக்கள் கல்லீரல் திசுவைச் செய்து பிடித்தபோது 2021 ஆகிவிட்டது. சுண்டுவிரல் நகத்தளவுக்கு அவ்வளவு காலம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவே போன் செய்தார். குரல் தளர்ந்திருந்தது. “கண்ணு, நேராச் சொல்லு. எனக்குக் கெடைக்குமா?”

“உங்களுக்குக் கெடைக்காதுங்க சித்தப்பா” என்றேன். “எங்களால ஒரு துண்டு சதைக்குத்தான் ஓட்டம் குடுக்க முடியுது. அதும் கொஞ்ச வாரந்தான். நீங்க ஆஸ்பத்திரியில சொல்லி லிஸ்ட்ல பேரப் பதிஞ்சிருங்க.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “செரி. பதிஞ்சர்றேன்” என்றார். அவ்வளவுதான். போனை வைத்தபின் நான் அழுதேன். பத்து வருடமாக என்னை நடத்திக்கொண்டு வந்த ஆசையை நானே என் வாயால் இல்லை என்று சொன்ன அழுகை அது.

பெயர் பதிந்து, நெடுநாள் காத்திருந்து, ஒரு நாள் அழைப்பு வந்தது. விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞரின் சிறுநீரகம். முகம் தெரியாத ஒரு குடும்பம், தங்கள் வாழ்க்கையிலேயே கொடுமையான அந்த நாளில், சரி என்று சொல்லியிருந்தது. சித்தப்பாவுக்கு அதைப் பொருத்தினார்கள்.

புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடாமல் இருக்க அவருக்கு சைக்ளோஸ்போரின் எழுதிக் கொடுத்தார்கள். மண்ணில் வளரும் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்த மருந்து. 1980களில் இது வந்த பிறகுதான் உறுப்பு மாற்று என்பதே நம்பிச் செய்யக்கூடிய சிகிச்சை ஆயிற்று. உறையைப் பிரித்ததும் ஒரு காட்டமான வாடை வரும், அது பிடிக்காமல் சித்தப்பா மூக்கைப் பொத்திக்கொண்டுதான் விழுங்குவார். இந்த மருந்துக்கு இன்னொரு முகமும் உண்டு. எந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கொடுக்கிறார்களோ அதையே அளவு மீறினால் கெடுக்கும். அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள்.

எங்கள் மேசையில் அப்போது இருந்தது சிறுநீரக நுண்குழல், அதாவது நெஃப்ரானில் வடிகட்டியை அடுத்து வரும் வளைந்த குழலின் மாதிரி. மனிதச் செல்களால் ஆனது. பக்கத்திலேயே இரத்தக் குழாய். சித்தப்பா விழுங்கும் அதே மருந்தை அந்தக் குழலுக்குள் விட்டுப் பார்த்தேன். ஒளிரும் சாயம் கலந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. குறைந்த அளவில் ஒன்றும் ஆகவில்லை, சாயம் குழலுக்குள்ளேயே நின்றது. அளவைக் கூட்டியபோது செல்களுக்கு நடுவே இருந்த இணைப்புகள் விட்டுப்போய், பச்சை ஒளி சுவரைத் தாண்டிக் கசிய ஆரம்பித்தது. லூயிஸ் குழுவினர் 2016இலேயே பதிப்பித்த விளைவுதான் இது, எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் திரையில் அந்தக் கசிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நினைத்ததெல்லாம் கோபியில் மூக்கைப் பொத்திக்கொண்டு மாத்திரை விழுங்கும் ஒருவரைத்தான்.

என் வேலை எதற்கு என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. உடலில் பொருத்தத் தகுதியில்லாத இந்தச் சின்னத் துண்டு, உடலில் பொருத்தியதைக் காப்பாற்ற உதவும். எலியின் சிறுநீரகம் மனிதச் சிறுநீரகம் இல்லை. எலியில் பாதுகாப்பு என்று தேறிய மருந்துகள் மனிதரில் தோற்றுப்போவது எங்கள் துறையில் அன்றாடம் பேசும் விஷயம். மருந்து நம் உடலுக்குள் இரத்தம் வழியாகத்தான் திசுவைப் போய்ச் சேருகிறது. குழாய் இல்லாத திசுவில் மருந்தைச் சொட்டிவிட்டுப் பார்ப்பது அரைகுறைச் சோதனை. குழாயோடு வளர்ந்த மனிதத் திசு அந்தக் குறையை நிரப்புகிறது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில், புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற பழைய விதியைத் தளர்த்திச் சட்டம் வந்தது. 2023இல் இந்தியாவும் தன் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, இத்தகைய மனிதத் திசு மாதிரிகளுக்கு இடம் கொடுத்தது. இந்தத் துறைக்கு வர நினைக்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முழு உறுப்பு என்றைக்கோ ஒரு நாள் வரும். அதற்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை இங்கே மலையளவு கிடக்கிறது, அதில் ஒவ்வொரு சோதனையும் உண்மையான ஒரு நோயாளிக்குப் பயன்படும்.

டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும் யாரிடமாவது ‘இன்னும் கொஞ்ச நாளில் லேபிலேயே கிட்னி வந்துவிடும்’ என்று ஆறுதல் சொல்லாதீர்கள். சித்தப்பா இன்றைக்குக் கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது அந்த முகம் தெரியாத குடும்பத்தால்தான். 2008இல் ஹிதேந்திரன் என்ற சிறுவனின் பெற்றோர் அவனுடைய உறுப்புகளைத் தானம் செய்தபிறகு தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பெரிய வழி திறந்தது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை உண்டு என்று 2023இல் அரசு அறிவித்தது. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் ஒழுங்காக ஒரு பட்டியலை வைத்து நடத்திவருகிறது. தானம் செய்ய விரும்பி அட்டையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். மூளைச்சாவு நேரும்போது மருத்துவர்கள் சம்மதம் கேட்பது வீட்டாரிடம்தான். அதனால் உங்கள் விருப்பத்தை இன்றைக்கே வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.